பணம் போனபின் கேட்கப்படும் கேள்விகள்: இணையவழித் திருட்டும் தற்காப்பும்

வங்கிக் கிளையில் கவுன்டருக்குப் பின்னால் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும், தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது கைபேசியும் கையுமாக வந்து நிற்கிறார்கள். ஆட்கள்தான் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். இப்போதுதான் பணத்தை இழந்திருக்கிறீர்கள் என்றால் முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டு 1930-ஐ அழையுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

1. சார், பணம் போய் அரை மணி நேரம்தான் ஆகிறது. வங்கிக்கு ஓடவா, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடவா?

எங்கும் ஓட வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இணையவழிப் பண மோசடிக்கென்று நாடு முழுவதும் இருக்கும் பொது எண் இது. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: உங்கள் கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, யுபிஐ என்றால் அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண். கூகுள் பேயோ போன்பேயோ, வரலாற்றுப் பகுதியில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் விவரங்களோடு இந்த எண்ணும் இருக்கும். இணைப்பு கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் நேரடியாகப் பதியுங்கள்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் அதே நேரத்தில் அவர் வங்கியை அழைத்துக் கார்டு, இணைய வங்கி, யுபிஐ எல்லாவற்றையும் முடக்கச் சொல்லட்டும். அந்த எண் ஏடிஎம் கார்டின் பின்பக்கம் அச்சாகியிருக்கிறது. கூகுளில் தேடி எடுக்காதீர்கள். வங்கிகளின் பெயரில் போலி உதவி எண்களை இணையத்தில் போட்டுவைத்துக் காத்திருப்பதும் இந்தத் திருடர்களின் தொழில்தான்.

2. அரை மணிக்கும் அரை நாளுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? போனது போனதுதானே?

அப்படி இல்லை. உங்கள் கணக்கிலிருந்து போன ஒரு லட்சம் திருடன் வீட்டு பீரோவுக்குப் போகவில்லை, இன்னொரு வங்கிக் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. அங்கிருந்து அது நான்கைந்து கணக்குகளுக்குப் பிரிக்கப்படும், அவற்றிலிருந்து மேலும் பல கணக்குகளுக்குப் போகும். கடைசியில் ஏடிஎம்மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறும். அதுவரை அந்தப் பணம் ஏதோ ஒரு வங்கியின் ஏட்டில்தான் இருக்கிறது.

1930-ல் பதிவாகும் புகார், 2021-ல் தொடங்கப்பட்ட ஒரு பொது அமைப்பின் வழியாகப் பணம் போய்ச்சேர்ந்த வங்கிக்குப் போகிறது. பணம் இன்னும் அங்கே இருந்தால் அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி வங்கி நிறுத்திவைக்கும். நகர்ந்துவிட்டிருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். துரத்தல் இப்படித்தான் நடக்கிறது. இரண்டாவது படியில் பிடிபடும் பணமும் உண்டு, ஐந்தாவது படியில் கைநழுவுவதும் உண்டு.

என்னிடம் தாமதமாக வந்தவர்களில் பெரும்பாலோருக்கு 1930 என்ற எண் தெரியாமல் இல்லை. மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான், கணவர் கத்துவார் என்று ஓர் இரவு முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த ஓர் இரவுதான் திருடனுக்கு வேண்டியது.

3. ஓடிபியை யாருக்கும் சொல்லவே இல்லை. பிறகு எப்படிப் போனது?

சொல்லாமலே ஓடிபி போவதற்கு வழிகள் உண்டு. முதலாவது, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான், வங்கி கேஒய்சி என்று ஏதாவது ஒரு பெயரில் வரும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎப் ஆகவோ இருக்கும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது ஒரு செயலி. அதை நிறுவி, அது கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை அது திருடனுக்கு அனுப்பிவிடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்பாதீர்கள், அவர் கைபேசி ஏற்கெனவே அவர்கள் பிடியில் இருக்கலாம்.

இரண்டாவது, திரைப் பகிர்வு. எனிடெஸ்க் போன்ற செயலிகளை நிறுவச் சொல்வார்கள். ரிசர்வ் வங்கி 2019-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை, ஓடிபி திரையில் தோன்றும்போது எதிர்முனையில் இருப்பவர் படித்துக்கொள்கிறார்.

மூன்றாவது, அழைப்புத் திருப்பல். “உங்கள் பார்சல் வரவில்லை, இந்த எண்ணை அழுத்துங்கள்” என்று *401* அல்லது *21* என்று தொடங்கி ஒரு கைபேசி எண்ணோடு முடியும் வரிசையைக் கொடுப்பார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும், குரல்வழி ஓடிபியும் சேர்த்து. சந்தேகம் இருந்தால் ##002# என்று அழுத்துங்கள், எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும்.

4. பழைய சோபாவை விற்க விளம்பரம் போட்டேன். வாங்குகிறவர் பணம் அனுப்பக் கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்கிறார். போடலாமா?

கூடாது. யுபிஐயில் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, ஸ்கேனும் தேவையில்லை. நீங்கள் பின் நம்பர் போடுவது பணம் அனுப்பத்தான், அல்லது இருப்பைப் பார்க்கத்தான். இந்த ஒரு விதியை மனப்பாடம் செய்தாலே பாதி மோசடிகள் உங்களிடம் செல்லாது. வாங்குபவர் தன்னை ராணுவத்தில் வேலை பார்ப்பவர் என்று சொல்லி அடையாள அட்டைப் படமும் அனுப்பியிருப்பாரே? அனுப்பியிருப்பார். அது அவர்களுடைய வழக்கமான வேஷம்.

முன்பு “பணம் கேட்கும் கோரிக்கை” அனுப்பியும் ஏமாற்றினார்கள். தனிநபர்களுக்கிடையே அந்த வசதியையே 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள்.

5. “இன்று இரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழையுங்கள்” என்று செய்தி வந்தது. பில் கட்டியதாகத்தான் ஞாபகம்...

ஞாபகம் சரிதான். அந்த “அதிகாரி” பத்து ரூபாய் கட்டச் சொல்லி ஒரு செயலியை நிறுவச் சொல்வார். பிறகு நடப்பது மூன்றாவது பதிலில் இருக்கிறது. மின்வாரியம் சாதாரண பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து இப்படி அனுப்புவதில்லை. பாக்கி இருக்கிறதா என்று வாரியத்தின் சொந்தச் செயலியில் உங்கள் மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

6. அம்மாவிடம் ஸ்மார்ட்போனே இல்லை. ஆனால் அவருடைய கணக்கில் பத்தாயிரம் குறைகிறது. கைரேகையை வைத்தே எடுத்துவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் இருந்தால் சிறு கருவியில் பணம் எடுக்கலாம். கிராமங்களில் வங்கி முகவர் முதியோர் உதவித்தொகையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது இந்த முறையில்தான். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருக்கும் ரேகையை நகலெடுத்து ரப்பர் போன்ற பொருளில் அச்சு செய்து எடுத்தவர்களும் உண்டு. ஆனால் நான் அதிகம் கேட்டது இதைவிட எளிய வழி: “ரேகை விழவில்லை பாட்டி, இன்னொரு தடவை வையுங்கள்.” முதல் தடவையே விழுந்திருக்கும். இரண்டாவது தடவை எடுத்தது அவர் பைக்குள் போகும். பாட்டிக்கு ரசீது தரமாட்டார்கள். ஒவ்வொரு முறையும், தோல்வியடைந்த முறைக்கும்கூட, ரசீது கேட்டு வாங்கப் பழக்குங்கள்.

ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. எல்லோரும் “உடனே பூட்டுங்கள்” என்று அறிவுரை சொல்கிறார்கள். பூட்டினால் ரேஷன் கடையில் ரேகை ஏற்காது, உதவித்தொகையும் எடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் தற்காலிகமாகத் திறக்க வேண்டும். திறந்துகொடுக்கப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இது நல்லது. தனியாக இருக்கும் பாட்டிக்கு ரேஷன் அரிசியும் முக்கியம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

7. மும்பை சைபர் போலீஸ் என்று வீடியோ காலில் வந்து, என் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டதாகச் சொல்கிறார்கள். அழைப்பைத் துண்டித்தால் கைது என்கிறார்கள். துண்டிக்கலாமா?

துண்டியுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். “டிஜிட்டல் கைது” என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. கைது செய்தால் நேரில் வந்து செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணைக்கு அழைக்கும் நோட்டீசையே வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீடியோவில் வைத்துக் கைது செய்வது எங்கிருந்து வரும்?

இதில் விழுபவர்கள் படிக்காதவர்கள் என்று நினைக்காதீர்கள். 2024-ல் லூதியானாவின் பெரிய ஜவுளிக் குழுமமான வர்த்மானின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலே 7 கோடி ரூபாய் இழந்தார். அவருக்காகப் போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையையே காணொளியில் நடத்தினார்கள், தலைமை நீதிபதியின் பெயரில் ஒருவர் தீர்ப்பும் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும் அதிகம் சிக்குகிறார்கள். வாழ்நாளில் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாதவர்களுக்குத்தான் போலீஸ் பெயரைக் கேட்டதும் கை நடுங்குகிறது.

இவர்களின் முறையைக் கவனியுங்கள். முதலில் கூரியர்காரர், பிறகு போலீஸ், பிறகு சிபிஐ என்று ஆள் மாறுவார்கள். “தேசப் பாதுகாப்பு விஷயம், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்” என்பார்கள். கேமரா முன்னாலேயே உட்காரச் சொல்வார்கள், சில நேரம் நாள்கணக்கில். கடைசியில் “உங்கள் பணம் சுத்தமானதா என்று சோதித்துத் திருப்பித் தருகிறோம்” என்று ஒரு கணக்கு எண் வரும். வீட்டில் சொல்லாதே என்ற அந்த ஒரு வரி வந்ததுமே எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்துவிட வேண்டும். துண்டித்த பிறகும் பயம் போகவில்லையா? பக்கத்துக் காவல் நிலையத்துக்கு நேரில் போய், “என்மீது வழக்கு இருக்கிறதாமே?” என்று கேளுங்கள். என் அனுபவத்தில், கேட்டவர்கள் சிரித்துக்கொண்டுதான் திரும்பினார்கள்.

8. பயத்தில் ஓடிபியை நானே சொல்லிவிட்டேன். “உங்கள் தவறு, நாங்கள் பொறுப்பில்லை” என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதானா?

பாதி உண்மை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இதை மூன்றாகப் பிரிக்கிறது. வங்கியின் குறைபாட்டால் போனதென்றால் உங்களுக்கு இழப்பே இல்லை. வங்கிமீதும் தவறில்லை, உங்கள்மீதும் தவறில்லை, நடுவில் யாரோ புகுந்தார்கள் என்றால், வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் உங்கள் இழப்புக்கு உச்சவரம்பு உண்டு: அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். அதற்கு மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

மூன்றாவது உங்கள் நிலை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரைக்கான இழப்பு உங்களுடையது. தெரிவித்த பின் போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. கவுன்டரில் இந்தப் பிற்பாதியை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் தெரிவித்த நேரத்துக்குச் சான்று முக்கியம்: அழைத்த நேரம், புகார் எண், வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் வைத்திருங்கள். வாடிக்கையாளர்மீதுதான் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பும் அந்தச் சுற்றறிக்கைப்படி வங்கியினுடையதுதான்.

எழுத்தில் புகார் கொடுக்கும்போது “என் தவறுதான், மன்னிக்கவும்” என்று தொடங்காதீர்கள். பலர் அப்படித்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுங்கள். 30 நாட்களில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448.

9. டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்றார்கள். முதலில் உண்மையாகவே 800 ரூபாய் வந்ததே? அப்புறம்தான் இரண்டு லட்சம் போனது.

அந்த 800 தூண்டிலில் மாட்டிய புழு. பங்குச் சந்தை வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே கதைதான். செயலியில் உங்கள் ஒரு லட்சம் ஐந்து லட்சமாகக் காட்டும், எடுக்கப் போனால் “வரி கட்டினால்தான் விடுவிப்போம்” என்பார்கள். குழுவில் “எனக்குப் பணம் வந்துவிட்டது சார்” என்று நன்றி சொல்பவர்களும் அவர்களுடைய ஆட்களே.

இதில் ஒரு சிக்கல். எட்டாவது பதிலில் சொன்ன ரிசர்வ் வங்கிப் பாதுகாப்பு, உங்கள் அனுமதியில்லாமல் போன பணத்துக்கானது. இங்கே நீங்களே, உங்கள் பின் நம்பரைப் போட்டு, பல நாட்களாக அனுப்பியிருக்கிறீர்கள். வங்கியிடமிருந்து பெரிதாக எதிர்பார்க்க முடியாது. 1930 ஒன்றுதான் வழி. “இன்னும் ஐம்பதாயிரம் கட்டினால் எல்லாம் வந்துவிடும்” என்ற நிலையில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அந்த ஐம்பதாயிரமாவது உங்களிடமே இருக்கட்டும்.

10. கல்லூரியில் படிக்கும் என் மகனிடம் வங்கிக் கணக்கைச் சில மாதம் கொடுத்தால் கமிஷன் தருவதாக நண்பன் சொல்கிறானாம். கணக்கில்தான் பணமே இல்லையே, என்ன ஆகிவிடும்?

இரண்டாவது பதிலில் பணம் பிரிந்து போகும் கணக்குகள் என்று சொன்னேனே, அவை இப்படிக் கிடைத்தவைதான். திருடன் தன் பெயரில் கணக்கு வைத்திருப்பதில்லை. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, அந்த எண்ணுக்கான சிம் மூன்றையும் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். போலீஸ் பணத்தின் தடத்தைப் பிடித்து வரும்போது முதலில் வந்து நிற்கும் வாசல் உங்கள் மகனுடையதாக இருக்கும். வேறு மாநில போலீசாகவும் இருக்கலாம். “எனக்கு எதுவும் தெரியாது” என்பதை நீதிமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டிவரும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, விசா இலவசம் என்று அழைத்துப் போகிறார்களே, அங்கிருந்து எல்லை கடத்தி மியான்மரின் மியாவடிப் பக்கம் அடைத்துவைத்து, இதே மோசடி அழைப்புகளைச் செய்யவைக்கிறார்கள். மறுத்தால் அடி. 2022-ல் அங்கிருந்து தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டு வந்தார்கள். போகும் முன் முகவர் பதிவு பெற்றவரா என்று அயலகத் தமிழர் நலத்துறையில் விசாரியுங்கள்.

11. நான் டீக்கடை வைத்திருக்கிறேன். யாரோ யுபிஐயில் அனுப்பிய காசுக்காக என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். நான் என்ன திருடனா?

இல்லை. ஆனால் திருட்டுப் பணம் போன வழியில் உங்கள் டீக்கான காசும் இருந்திருக்கிறது. கணினிக்கு டீயும் மோசடியும் ஒன்றுதான். எந்த மாநிலக் காவல்துறை, என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த நிலையத்துக்குக் கடை உரிமம், பில், அன்றைய வரவு விவரம் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். சந்தேகத் தொகை சில நூறு ரூபாய்தான் என்றால் அதை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் கடிதத்தில் குறிப்பிட்டால் வேலை கொஞ்சம் வேகமாக நடக்கும்.

12. என் பணத்தில் நாற்பதாயிரத்தை ஏதோ ஒரு வங்கியில் நிறுத்திவைத்திருப்பதாகச் செய்தி வந்தது. அது தானாக என் கணக்குக்கு வந்துவிடுமா?

வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். பலர் இந்தக் கட்டத்தில் சும்மா இருந்துவிடுகிறார்கள். நிறுத்திவைத்த பணத்தை விடுவிக்க முன்பு பொதுவாக நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. 50,000 ரூபாய்க்குக் குறைவான தொகையை அது இல்லாமலே திருப்பித் தரலாம் என்று 2026 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் அனுமதித்தது, அதனால் முதலில் வங்கியிலும் காவல் நிலையத்திலும் கேளுங்கள். உத்தரவு வேண்டும் என்றால், உங்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோ (புகாரைப் பெற்றதற்கான சான்று) எப்.ஐ.ஆர். நகலோ வாங்கிக்கொண்டு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் வழியாகவும் திரும்பக் கிடைத்திருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

13. இன்ஸ்டாகிராமில் ஒருவர் “சைபர் நிபுணர்” என்று சொல்லி, முன்பணம் கட்டினால் இழந்ததை மீட்டுத் தருவதாகச் சொல்கிறார்...

அவர் இரண்டாவது திருடன். முதல் திருடனிடமிருந்தே உங்கள் எண்ணை வாங்கியிருக்கக்கூடும். போலீசோ நீதிமன்றமோ பணத்தை மீட்க உங்களிடம் முன்பணம் கேட்பதில்லை.

14. அப்பா ஊரில் தனியாக இருக்கிறார், யார் பேசினாலும் நம்பிவிடுவார். கைபேசியைப் பிடுங்கிவிடவா?

பிடுங்காதீர்கள். பென்ஷன், மருந்துக் கடை, பேரனின் முகம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. யுபிஐயைப் பென்ஷன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, சில ஆயிரம் மட்டும் இருக்கும் வேறொரு கணக்கோடு இணையுங்கள். ஏடிஎம் கார்டில் இணையவழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வங்கிச் செயலியிலேயே அணைத்துவைக்கலாம். சேமிப்பு முழுவதும் நிரந்தர வைப்பில் இருந்தால் மட்டும் போதாது. இணைய வங்கி வழியாக அதை முறிக்க முடியுமா என்று பார்த்து, முடியும் என்றால் அந்த வசதியை நிறுத்தக் கிளையில் எழுதிக்கொடுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். அவருடைய பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யுங்கள். திடீரென்று அவர் கைபேசியில் சிக்னலே இல்லாமல் போனால், பக்கத்து வீட்டு எண் வேலை செய்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அவருடையது மட்டும் செத்திருந்தால் யாரோ அவர் பெயரில் மாற்றுச் சிம் வாங்கியிருக்கலாம், உடனே வங்கியை அழைக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேல், பணம் போனால் முதல் அழைப்பு உங்களுக்கு வர வேண்டும் என்றால், “எவ்வளவு போனாலும் திட்டமாட்டேன்” என்று இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள். பிறகு உண்மையிலேயே போனால், திட்டாதீர்கள்.

15. அதெல்லாம் சரி சார். நான் அப்பாவை ஏற்கெனவே திட்டிவிட்டேன். இப்போது என்ன போனாலும் சொல்வதில்லை.

அப்படியானால் அவர் நம்பும் இன்னொருவரைப் பிடியுங்கள். அத்தையோ, தெருமுனை மருந்துக் கடைக்காரரோ, கூட நடைப்பயிற்சி போகும் நண்பரோ. 1930-ஐ அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அப்பாவின் கைபேசியில் அந்த எண்ணை “அவசரம்” என்ற பெயரில் பதிந்துவைத்துவிட்டு வாருங்கள்.